நீண்ட யுத்தமும் சர்க்கார் கணக்கும்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான உபந்நியாசம்)



ஒரு குடித்தனக்காரன் தன் ஆயுளில் பெருஞ் செலவு செய்யும் சந்தர்ப்பங்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று கலியாணம், மற்றொன்று வியாஜ்யம். கலியாணத்திற்கு முகூர்த்த நாள் உண்டு. பந்தல் பிரித்தவுடன் செலவு நின்றுவிடும். பட்ட கடன் எவ்வளவு என்பதும் அன்றே தெரிந்துவிடும். வியாஜ்யமோ அவ்வாறன்று. முன்சீப் கோர்ட்டில் தொடங்கியது ஜில்லா கோர்ட்டிற்கும், அங்கிருந்து ஹைகோர்ட்டிற்கும் போகும். அது முடியும் நாள் வாதிக்கும் தெரியாது, பிரதிவாதிக்கும் தெரியாது. இன்றைய வாய்தாவிற்கு வேண்டிய பணம் கிடைத்தால் போதும் என்று அன்றன்றைக்குக் கடன் வாங்கிச் செல்பவனே கடைசியில் நிலத்தை இழக்கிறான்.

ராஜ்யங்கள் நடத்தும் யுத்தமும் ஆரம்பத்தில் கலியாணம் போலத் தோன்றி, நாளடைவில் வியாஜ்யமாக மாறும் இயல்புடையது. 1914 ஆகஸ்டில் ஐரோப்பாவில் யுத்தம் மூண்டபோது, கிறிஸ்துமஸ் பண்டிகைக்குள் அது முடிந்துவிடும் என்று பலரும் நம்பினர். அது 1918 நவம்பர் வரையில் நீடித்தது. அந்த அனுபவத்தைக் கொண்டு, 1939 செப்டம்பரில் இரண்டாவது மகா யுத்தம் தொடங்கியவுடன், யுத்தம் மூன்று வருஷமாவது நடக்கும் என்று வைத்துக்கொண்டே சகல ஏற்பாடுகளையும் செய்வதென்று பிரிட்டிஷ் யுத்த மந்திரி சபை தீர்மானித்தது. உண்மையில் ஆறு வருஷங்கள் ஆயின. ஆயினும், எத்தனை காலத்திற்குச் செலவு என்று முதலில் ஒரு மதிப்புப் போட்டது நல்ல கணக்கின் முதற்படியாகும்.

சாதாரண காலத்துக் கணக்கும் யுத்த காலத்துக் கணக்கும்

சாதாரண காலத்தில் ஒவ்வோர் இலாகாவும் அடுத்த வருஷத்துக்குத் தனக்கு வேண்டிய தொகையைத் தலைப்புத் தலைப்பாக எழுதி அனுப்பும். நிதி மந்திரி அவற்றைக் குறைத்தும் சேர்த்தும் வரவு செலவுத் திட்டமாக்கிச் சட்டசபை முன் வைப்பார். இன்ன செலவுக்கு இவ்வளவு என்று சபை அநுமதி கொடுக்கும். சங்கத்தின் வருஷாந்தர மகாசபையில் நிர்வாகக் கமிட்டி கணக்கை வாசித்து அங்கத்தினர்களின் சம்மதம் பெறுவதும் இதே முறைதான்.

யுத்த காலத்தில் இம்முறை நடவாது. எத்தனை ஆகாய விமானங்கள் கட்டப்படும், எத்தனை கப்பல்கள் மூழ்கும் என்று ஒரு வருஷம் முன்னதாக எழுத யாராலும் முடியாது. எழுதினாலும் அது சத்துருவுக்குத் துப்பாக முடியும். ஆகையால் பிரிட்டிஷ் பார்லிமெண்டு யுத்தச் செலவுக்கென்று மொத்தமாக ஒரு தொகையை விவரம் கேளாமல் அநுமதிக்கும் வழக்கத்தை மேற்கொண்டது. 1939 செப்டம்பரில் முதன்முதல் அநுமதித்த தொகை 50 கோடிப் பவுன். அது தீர்ந்தவுடன் மற்றொரு தொகை கேட்கப்பட்டது. விவரம் கேட்கும் உரிமையைப் பார்லிமெண்டு கைவிட்ட போதிலும், பணம் கொடுக்கும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது என்பது கவனிக்கத்தக்கது.

செலவைத் தாங்கும் நான்கு வழிகள்

பணம் எங்கிருந்து வரும் என்பதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெளிவாக அறியவேண்டும். சிப்பாய்க்கு வேண்டியவை சோறு, துணி, பூட்ஸ், துப்பாக்கி, குண்டு, பிரயாணம் செய்ய ரெயில், கப்பல் ஆகியவை. இவை யாவும் அந்த அந்த வருஷத்து உழைப்பிலிருந்தே வரவேண்டும். அடுத்த வருஷத்து அறுவடையை இந்த வருஷத்துச் சிப்பாய்க்குப் போட முடியாது. ஆகவே யுத்தத்திற்குப் போகும் ஒவ்வொரு மூட்டையும் ஜனங்களில் யாரோ ஒருவர் உண்ணாத மூட்டையே, உடுக்காத துணியே. யார் குறைத்துக்கொள்வது என்பதைத் தீர்மானிக்கும் முறைக்குத்தான் யுத்த நிதி என்று பெயர்.

அதற்கு நான்கு வழிகள் உண்டு. வரி விதிக்கலாம், கடன் வாங்கலாம், நோட்டு அச்சடிக்கலாம், அந்நிய நாட்டின் உதவியைப் பெறலாம். எந்த சர்க்காரும் இந்நான்கையும் கலந்தே கையாளும். எதை எவ்வளவு கையாண்டது என்பதில்தான் குடிகளின் க்ஷேமம் அடங்கியிருக்கிறது.

பிரிட்டனில் நடந்தது

முதலாவது யுத்தத்தில் பிரிட்டிஷ் சர்க்கார் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே வரியால் ஈடுசெய்தது. மீதியைப் பெரும்பாலும் கடனாக வாங்கியது. 1917ம் வருஷத்து யுத்தக் கடனுக்கு 5 சதவிகித வட்டி கொடுக்க நேர்ந்தது. விலைவாசி ஏறியது, காண்டிராக்டர்கள் கொழுத்தார்கள், கூலிக்காரர் மனக்கசப்புற்றனர்.

இரண்டாவது யுத்தத்தில் இந்தத் தவறு திரும்ப நேராதிருக்க வழி தேடினார்கள். ஜான் மேனார்ட் கெயின்ஸ் என்ற பொருளாதார நிபுணர் 1940ல் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். யுத்த காலத்தில் வேலை பெருகுவதால் எல்லார் கையிலும் பணம் புழங்கும். வாங்குவதற்குச் சரக்கோ இராது. அந்தப் பணத்தைச் சர்க்கார் முறையாக எடுத்துக்கொள்ளாவிட்டால், விலையேற்றம் முறையின்றி எடுத்துக்கொள்ளும். ஏழைகளிடமிருந்து எடுப்பதில் ஒரு பகுதியையாவது யுத்தம் முடிந்தபின் திருப்பித் தருவதாக வாக்களித்து எடுக்கவேண்டும் என்பன அவர் வாதத்தின் சாரம்.

1941 ஏப்ரலில் நிதி மந்திரி ஸர் கிங்ஸ்லி உட் கொண்டுவந்த திட்டம் இக்கருத்தைத் தழுவியது. வருமான வரி பவுனுக்கு 10 ஷில்லிங், அதாவது பாதிக்குப் பாதி, என்று உயர்த்தப்பட்டது. யுத்தத்தால் வந்த அதிக லாபத்தின்மேல் 1940 முதலே நூற்றுக்கு நூறு வரி இருந்தது. புதிதாக விதித்த வருமான வரியில் ஒரு பகுதி, குடிகளின் பெயரால் பிற்காலத்துப் பாக்கியாக வரவு வைக்கப்பட்டது. அந்தப் பாக்கி முழுவதும் திருப்பிக் கொடுத்துத் தீர 1970-க்கு மேலும் சில வருஷங்கள் ஆயின. அத்துடன், நாட்டின் மொத்த வருமானம் எவ்வளவு, அதில் ஜனங்கள் உண்பது எவ்வளவு, சர்க்கார் எடுக்கக்கூடியது எவ்வளவு என்ற கணக்கும் அவ்வருஷமே முதன்முதலாக வரவு செலவுத் திட்டத்துடன் பிரசுரிக்கப்பட்டது. கஜானாவில் உள்ள பணத்தை மாத்திரம் எண்ணாமல், தேசத்தின் சரக்கையும் எண்ணிப் பார்த்த திட்டம் அது.

இதற்குத் துணையாக 1940 ஜனவரி முதல் பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை முதலியவை ரேஷனுக்குள் கொண்டுவரப்பட்டன. பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே அளவு. கையில் பணம் இருந்தும் வாங்க வழியில்லாதபோது அது சேமிப்புப் பத்திரங்களில் போய்ச் சேர்ந்தது. இதனால் சர்க்காருக்கு 3 சதவிகிதத்திற்கு மேற்படாத வட்டியில் கடன் கிடைத்தது. யுத்தச் செலவில் ஏறக்குறையப் பாதி வரியாலேயே ஈடுசெய்யப்பட்டது. நான்காவது வழியாகிய அந்நிய உதவி, 1941 மார்ச்சில் அமெரிக்கா இயற்றிய கடன்-குத்தகைச் சட்டத்தினால் வந்தது.

இந்தியாவில் நடந்தது

இந்தியாவின் கணக்கு வேறு விதமானது. 1939 நவம்பரில் பிரிட்டிஷ் சர்க்காருக்கும் இந்தியா சர்க்காருக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. சமாதான காலத்து ராணுவச் செலவாகிய 36.77 கோடி ரூபாயையும், விலையேற்றத்தினால் அதற்கு வேண்டிய அதிகத்தையும், இந்தியாவின் சொந்தப் பாதுகாப்புக்கென்றே செய்யும் செலவையும், வெளிநாடுகளில் இருந்த இந்தியப் படைகளின் பொருட்டு ஒரு கோடி ரூபாயையும் இந்தியா ஏற்கவேண்டும். மற்றவற்றைப் பிரிட்டன் ஏற்கும். காகிதத்தில் பார்த்தால் இது இந்தியாவுக்கு அநுகூலமான ஒப்பந்தமே. ஆனால் பிரிட்டன் தன் பங்கைச் செலுத்திய முறையில்தான் கஷ்டம் விளைந்தது.

கூடாரம், கோணி, காக்கித் துணி, பூட்ஸ், மரம், தானியம் முதலியவை இந்தியாவில் வாங்கப்பட்டன. அவற்றுக்கு இந்திய வியாபாரிகளுக்கும் குடியானவர்களுக்கும் ரூபாய் கொடுக்கவேண்டும். பிரிட்டன் அந்தத் தொகையை லண்டனில் பவுன் கணக்கில் இந்தியாவின் பெயரால் வரவு வைத்தது. அந்தப் பவுன் பத்திரங்களை ஆதாரமாகக் கொண்டு ரிஸர்வ் பாங்கி இந்தியாவில் ரூபாய் நோட்டுகளை வெளியிட்டது. சட்டப்படி இது முறையானதே. எனினும் சரக்கு கப்பலேறிப் போயிற்று. நோட்டு ஊரில் தங்கியது. நோட்டுக்கு ஈடான பவுனோ, யுத்தம் முடியும் வரையில் செலவழிக்க முடியாதபடி லண்டனில் இருந்தது.

1939ல் சுமார் 180 கோடி ரூபாயாக இருந்த நோட்டுப் புழக்கம், யுத்தம் முடிந்த காலத்தில் 1,200 கோடிக்கு மேற்பட்டது. விலைவாசி இருமடங்குக்கு மேல் ஏறியது. வெள்ளி ரூபாயை ஜனங்கள் பதுக்கினபடியால், 1940ல் ஒரு ரூபாய் நோட்டு வெளியிடப்பட்டது. அதே வருஷம் ரூபாயில் இருந்த வெள்ளியின் அளவும் பாதியாகக் குறைக்கப்பட்டது.

வரியும் விதிக்கப்படாமல் இல்லை. நிதி அங்கத்தினராயிருந்த ஸர் ஜெரிமி ரெய்ஸ்மன் காலத்தில் வருமான வரி உயர்ந்தது. அதிக லாப வரி 1940ல் 50 சதவிகிதமாகவும், 1941ல் மூன்றில் இரண்டு பங்காகவும் ஏற்பட்டது. ஆனால் வருமான வரி கொடுத்தவர்கள் ஜனத்தொகையில் மிகச் சிலரே. விவசாய வருமானத்துக்கு அந்த வரி கிடையாது. நிலத்தீர்வையோ செட்டில்மெண்டில் நிர்ணயித்தபடியே நின்றது. சேமிப்புப் பத்திரங்களாலும், 1943 முதல் தங்கம் விற்றும் ஒரு பகுதி ரூபாய் திரும்ப இழுக்கப்பட்டது. அச்சான தொகைக்கு இவை போதவில்லை.

இவ்வளவு பெரிய செலவைப் பற்றிக் குடிகளின் பிரதிநிதிகளுக்குச் சொல் சுதந்திரம் இருந்ததேயன்றி முடிவு செய்யும் அதிகாரம் இல்லை. ராணுவச் செலவு மத்தியச் சட்டசபையின் ஓட்டுக்கு உட்பட்டதன்று. 1940 நவம்பரில் யுத்தத்துக்கான உபரி நிதி மசோதாவைச் சபை நிராகரித்தபோது, வைஸ்ராய் தம் விசேஷ அதிகாரத்தால் அதைச் சட்டமாக்கினார். சென்னை மாகாணத்திலோ 1939 அக்டோபரில் மந்திரிகள் ராஜிநாமாச் செய்தபின், 1946 வரையில் கவர்னரும் ஆலோசகர்களுமே மாகாணத்தின் வரவு செலவைப் பார்த்து வந்தனர்.

ஒரு கிராமத்துக் கணக்கு

நோட்டுப் பெருக்கம் எவ்வாறு வரியாக மாறுகிறது என்பதை ஒரு சிறு கணக்கால் விளங்கிக் கொள்ளலாம். ஒரு கிராமத்தில் விற்பனைக்கு 100 கலம் நெல்லும், அதை வாங்க ஜனங்கள் கையில் 400 ரூபாயும் இருப்பதாகக் கொள்க. கலம் 4 ரூபாய் விலை போகும். பட்டாளத்திற்கென்று 25 கலம் வெளியே போகிறது. அதற்காகப் புது நோட்டு 200 ரூபாய் உள்ளே வருகிறது. இப்போது 75 கலத்திற்கு 600 ரூபாய் நிற்கிறது. கலம் 8 ரூபாய் ஆகிவிடும்.

மாதம் 8 ரூபாய் கூலி பெறுபவன் முன்பு இரண்டு கலம் வாங்கினான். பின்பு ஒரு கலமே வாங்குவான். அவனிடம் எந்தத் தண்டல்காரனும் வரவில்லை. எந்தச் சட்டமும் இயற்றப்படவில்லை. ஆயினும் அவன் வருமானத்தில் பாதி போய்விட்டது. நெல்லாகக் கூலி வாங்கியவன் அவ்வளவு பாதிக்கப்படவில்லை. மிகுதி நெல் விற்ற மிராசுதாருக்கு லாபம். சாப்பாட்டுக்கே நெல் போதாமல் விலைக்கு வாங்கும் சிறு குத்தகைக்காரன் கூலிக்காரனோடு சேர்ந்து நஷ்டப்பட்டான். கைத்தறி நெசவாளி நூல் விலையால் அடிபட்டான். 1939ல் சங்கத்தில் 100 ரூபாய் டெபாசிட் போட்டவர் 1945ல் அதை எடுத்தபோது, முன் விலையில் 50 ரூபாய்ச் சரக்கைக்கூட அதனால் வாங்க முடியவில்லை.

1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தபின் பர்மா அரிசி வருவது நின்றது. 1943ல் வங்காளத்தில் பெரும் பஞ்சம் உண்டாயிற்று. மாண்டவர் தொகை 15 லக்ஷம் என்று விசாரணைக் கமிஷன் மதிப்பிட்டது. பிற்காலத்து ஆராய்ச்சியாளர் பலர் 30 லக்ஷம் வரையில் என்று கணக்கிட்டனர். அந்தப் பஞ்சத்திற்குப் பல காரணங்கள் சேர்ந்தன. ஆனால் முதலில் மாண்டவர்கள் நிலமற்ற கூலிகள், செம்படவர், கிராமத் தொழிலாளர் ஆகியோரே என்பதும், விலையேற்றத்திற்கு ஈடுகொடுக்க முடியாதவர்கள் அவர்களே என்பதும் சந்தேகமற்றவை.

சென்னை மாகாணத்தில், யுத்தத்தால் விவசாயிகள் கடனெல்லாம் தீர்ந்துவிட்டது என்று ஒரு பேச்சு அக்காலத்தில் பரவியிருந்தது. டாக்டர் பி. வி. நாராயணசாமி நாயுடு 1945ல் சர்க்கார் உத்தரவின்பேரில் கிராமக் கடன்களைப் பரிசீலித்தார். மாகாணத்தின் மொத்தக் கடன் ஓரளவு குறைந்திருந்தது உண்மை. ஆனால் குறைந்தது பெரும்பாலும் பெரிய நிலச்சுவான்தார்களின் கடனே. நிலமற்ற கூலிகளின் கடன் அதிகரித்திருந்தது. ஒரே ஊரில், ஒரே ஆறு வருஷத்தில், ஒருவர் அடமானத்தை மீட்டார். மற்றொருவர் அண்டா குண்டாவை அடமானம் வைத்தார்.

யுத்தம் முடிந்த பின்

யுத்தம் நின்றாலும் அதன் செலவு நிற்பதில்லை. லண்டனில் இந்தியாவின் பெயரால் சேர்ந்த தொகை 1946ல் சுமார் 130 கோடிப் பவுன். அக்காலத்து மதிப்பில் ஏறக்குறைய 1,733 கோடி ரூபாய். இதற்கு முன்பே, இந்தியா நெடுங்காலமாகப் பட்டிருந்த பவுன் கடனில் பெரும் பகுதி தீர்க்கப்பட்டிருந்தது. கடனாளியாயிருந்த தேசம் கடன் கொடுத்த தேசமாயிற்று. ஆயினும் அந்தப் பாக்கியை உடனே வசூலிக்க இயலவில்லை. 1947 முதல் வருஷத்துக்கு இவ்வளவு என்ற தவணை ஒப்பந்தத்தின் மேலேயே அது விடுவிக்கப்பட்டது. தேசப் பிரிவினையில் பாகிஸ்தானுக்கு ஒரு பங்கு போயிற்று. பிரிட்டிஷ் உத்தியோகஸ்தர்களின் பென்ஷனுக்கும், விட்டுச் சென்ற ராணுவச் சாமான்களுக்கும் ஒரு பகுதி கழிந்தது. 1949 செப்டம்பரில் பவுனின் டாலர் மதிப்புக் குறைந்தபோது, அமெரிக்கச் சரக்கு வாங்கும் அளவில் அதன் சக்தியும் குறைந்தது. மீதியில் பெரும் பங்கு இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தின் தொடக்கத்தில் இயந்திரங்கள் வாங்கச் செலவாயிற்று. 1943ல் வயிறு கட்டியவன் வேறு. 1957ல் அதன் பலனைக் கண்டவன் வேறு.

ஜெயித்த பிரிட்டனும் சுமையிலிருந்து தப்பவில்லை. அதன் கடன் ஒரு வருஷத்துத் தேசிய வருமானத்தைப்போல் இருமடங்குக்கு மேற்பட்டிருந்தது. 1945 டிசம்பரில் ஒப்புக்கொண்ட அமெரிக்கக் கடனின் கடைசித் தவணை 2006 டிசம்பரில்தான் செலுத்தப்பட்டது. 1917ம் வருஷத்து யுத்தக் கடன், 1932ல் வட்டி குறைக்கப்பட்டு, 2015 மார்ச்சில் தீர்ந்தது. அமெரிக்காவிலோ 1865ல் முடிந்த உள்நாட்டு யுத்தத்திற்காக 2020 வரையில் பென்ஷன் கொடுக்கப்பட்டு வந்தது. பீரங்கி ஓய்ந்தபின் நூறு வருஷத்திற்கும் கணக்குப் புத்தகம் மூடப்படுவதில்லை.

சங்கங்கள் அறியவேண்டுவது

இவ்வரலாற்றிலிருந்து கூட்டுறவுச் சங்கங்களுக்கு மூன்று பாடங்கள் கிடைக்கின்றன.

முதலாவது, விலை ஏறும் காலத்தில் பழைய கடனை அடைப்பது எளிது. புதுக்கடன் வாங்குவது அபாயம். விளைபொருளுக்கு விலை வந்த நாளில் சங்கக் கடனைத் தீர்த்தவர்கள் நிலத்தைக் காத்துக்கொண்டனர். அந்நாளில் உயர்ந்த விலைக்கு நிலம் வாங்கக் கடன் பட்டவர்கள் பின்னால் வருந்தினர்.

இரண்டாவது, பணம் மாத்திரம் சேமிப்பாகாது. நோட்டின் மதிப்பு உருகும்போது, தானியக் களஞ்சியமும், விதையும், உழவு மாடும், கிணறும் உருகுவதில்லை. சங்கத்தின் சேமநிதியை வைத்திருக்கும் முறையில் இதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது, பங்கீடு நியாயமாயிருந்தால் குறைந்த சரக்கும் போதும். அநியாயமானால் நிறைந்த சரக்கும் போதாது. 1943ல் சென்னை நகரில் ரேஷன் தொடங்கியபின், மாகாணமெங்கும் கூட்டுறவுப் பண்டகசாலைகள் பல மடங்கு பெருகின. 1904ல் ஏற்பட்ட திருவல்லிக்கேணிச் சங்கம் போன்றவை முன்பே காட்டியிருந்த வழியில், சரியான நிறையும் சரியான விலையும் கிராமங்களுக்கும் எட்டின. கள்ள மார்க்கெட்டுக்கு எதிராக ஏழைக்கு இருந்த சில காவல்களில் இது ஒன்று. கண்ட்ரோல் நீங்கியவுடன் பல பண்டகசாலைகள் மூடப்பட்டன. காவற்காரனை அறுவடைக்கு முன் அனுப்பிவிடும் வழக்கம் குடியானவனுக்கு இல்லை, சங்கத்திற்கும் இருத்தலாகாது.

எந்தத் தேசத்தில் எந்த யுத்தம் நடந்தாலும், அதன் கணக்கைப் படிப்பவர் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். எத்தனை காலத்திற்கு மதிப்புப் போடப்பட்டது? வரி எவ்வளவு, கடன் எவ்வளவு, நோட்டு எவ்வளவு? செலவுக்குச் சம்மதம் கொடுத்தவர் யார்? கடைசியில் சோற்றைக் குறைத்துக்கொண்டவர் யார்? முதல் மூன்றுக்கும் விடை சர்க்கார் புத்தகங்களில் இருக்கும். நான்காவதன் விடை அவற்றில் எழுதப்படுவதில்லை. அது கிராமத்தின் அடுப்பிலும், அடமானச் சீட்டிலும், சங்கத்தின் பேரேட்டிலுமே காணப்படும். பேரேட்டைச் சரியாக எழுதி வைக்கும் சங்கம், தன் அங்கத்தினர்களுக்கு மாத்திரமன்றி, பின்வரும் தலைமுறைக்கும் உண்மையைச் சொல்லும் சாக்ஷியாக விளங்கும்.